கேஸ் மாத்திரை கேட்டு வந்தவர்கள்

மருந்துக் கடையில் நிற்பவர்களுக்கு நோயாளியைத் தவிர மற்ற எல்லோரையும் பார்க்கும் பாக்கியம் உண்டு. பெண்டாட்டி வருவாள், மச்சான் வருவான், பக்கத்து வீட்டுக்காரர் வருவார். நோயாளி மட்டும் வீட்டிலிருந்தபடியே போனில், "அதான்மா, அந்த ரோஸ் கலர் மாத்திரை" என்பார். பிள்ளையார்பாளையத்தில் பதினாறு வருடமாக இப்படித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்வது புரியும். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பரோட்டா மேல் பழி

ஒரு தை மாதக் காலை. நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடை திறந்திருக்கிறேன். பட்டுச் சேலைக் கடையில் விற்பனையாளராக இருக்கும் ஒருவர் சட்டை தொப்பலாக நனைந்து வந்து நின்றார். "ராத்திரி பரோட்டா துன்னேன்மா, நெஞ்சுல கல்ல வெச்சாப்ல இருக்குது, கேஸ் மாத்திரை குடு" என்றார். பனியில் ஒரு மனிதருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாத்திரையோடு, ஓமத்தண்ணீர் குடிக்கச் சொல்லி இலவச ஆலோசனையும் கொடுத்தனுப்பினேன்.

நேரே பக்கத்துக் கடையில் போய் சோடா கேட்டவர், பெஞ்சில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். சோடாக் கடைக்காரர்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆள் பிழைத்தது அவர் புண்ணியம். ஒரு மாதம் கழித்து ஏழு மருந்து எழுதிய சீட்டோடு அவர் வந்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சிரித்தபடி சொன்னார்: "உன்ன சொல்லி இன்னாமா ஆவப் போவுது, நானே பரோட்டா மேலதான் பழியப் போட்டுக்கினு வந்தேன்."

முழங்காலுக்குக் கட்டு

செவிலிமேட்டுப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். சாலையில் கொட்டிக் கிடந்த மணலில் பைக் சறுக்கி விழுந்திருக்கிறான். அவன் நண்பன் கூட்டி வந்தான். முழங்காலில் ரத்தம். நான் ஸ்டூலில் உட்கார வைத்து, காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டு போட்டேன். கையோடு வேகத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். ஹேண்டில்பார் நெஞ்சில் இடித்தது என்று நண்பன் சொன்னான். சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. வலி மாத்திரை எடுக்கத் திரும்பினேன். பையன் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். பயந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முதலாளி அதிகம் பேசாதவர். அன்று எழுந்து வந்து அவன் கையைத் தொட்டார். சில்லென்று வேர்த்திருந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது, கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி புடைத்திருந்தன. "108 கூப்புடு" என்று கத்தினார். இதயத்தைச் சுற்றி உள்ளே ரத்தம் கட்டி, அதைத் துடிக்க விடாமல் நெருக்கிக்கொண்டிருந்ததாம். நல்லவேளை, நேரத்தோடு போய்ச் சேர்ந்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று முதலாளியைக் கேட்டேன். "எங்க அண்ணன் லாரி ஓட்டிக்கினு இருந்தாரு. ஸ்டீயரிங் இடிச்சுது. வெளிய காயமே இல்லன்னு நாங்க டீ வாங்கிக் குடுத்து படுக்க வெச்சோம்மா."

படுக்காத மனிதர்

இந்த இரண்டுக்கும் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. நெஞ்சு என்று யார் வாயைத் திறந்தாலும் பத்துக் கேள்வி கேட்பேன். அடுத்த தெரு சரோஜாக்கா நெஞ்சு என்று சொல்லவே இல்லை.

அவர் வீட்டுக்காரர் தறி நெய்பவர். முதல் நாள் அவருக்கு இருமல் மருந்து வாங்க அக்கா வந்தார். "படுத்தா இருமல், எழுந்து உக்காந்தா அடங்கிடுது" என்றார். கொடுத்தேன். மறுநாள் கால் வீக்கத்துக்குக் களிம்பு. குழித்தறியில் நாளெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறவர்களுக்குச் சாயங்காலம் பாதம் வீங்குவது இங்கே வழக்கம்தான். காலையில் வடிந்துவிடும். அவருக்கு வடிகிறதா என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் குளுக்கோஸ் பவுடர். "சோர்வா இருக்குதுன்றாரு. ராத்திரி பூரா தறி மேலயே சாஞ்சுக்கினு தூங்குறாரும்மா" என்றார். முகூர்த்தச் சேலை ஆர்டர் முடிக்கிறார் என்று இருவருமே நினைத்தோம். "உழைப்பாளிக்கா உங்க வீட்டுக்காரர்" என்றேன். அக்கா முகம் மலர்ந்தது.

நான்காம் நாள் விடிகாலை அவர் வீட்டுக்காரர் வாயில் நுரை தள்ளி மூச்சுக்குத் திணறினார். தறிக்காகத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்த பாவு நூலைத் தூக்கிப் பிடித்து வண்டிக்கு வழி விட்டார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. இதயம் சோர்ந்து நுரையீரலில் நீர் கட்டிக்கொண்டது, அதனால்தான் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார் என்று டாக்டர் சொன்னாராம். அன்று கடைக்கு வந்த அவர் மச்சான் என் எதிரிலேயே சொன்னார்: "முத நாளே இட்டுனு வந்திருந்தா பாத்திருக்கலாமாம்."

இருமல், வீக்கம், சோர்வு. மூன்றும் ஒரே ஆளுக்கு, மூன்றும் என் கையாலேயே கொடுத்தது. சேர்த்துப் பார்க்க எனக்குத்தான் துப்பில்லை.

மீதி மருந்து

இப்போது இருமல் மருந்து கேட்டால்கூட, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காலையில் வீக்கம் வடிகிறதா, நெஞ்சை எங்காவது இடித்துக்கொண்டாரா என்று கேட்கிறேன். சிலர் சலித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சரோஜாக்கா ஒரு பையோடு வந்தார். பாதி பாட்டில் இருமல் மருந்து, களிம்பு, பிரிக்காத குளுக்கோஸ். "வேற யாருக்காச்சும் ஆவும், குடு" என்றார். பிரித்த மருந்தை யாருக்கும் கொடுக்க முடியாது என்றாலும் வாங்கி வைத்துக்கொண்டேன். "நான் கேட்டிருக்கணும்க்கா, என்னை மன்னிச்சுடுங்க" என்று அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "நீ உழைப்பாளின்னு சொன்னத அவருகிட்ட போயி சொன்னேன் கண்ணு. அன்னிக்கு பூரா சிரிச்சுக்கினே நெய்ஞ்சாரு."

கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாத கடை என்று எங்களுக்கு ஊரில் நல்ல பெயர். சரோஜாக்காவை மட்டும் ஒரு நாளாவது, டாக்டரிடம் காட்டச் சொல்லி, வெறுங்கையோடு அனுப்பியிருக்கலாம்.