கப்பல் தலைவன் சொல்லாத வசனம்

போன வாரம் தானா ராத்தா பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் மணியம் எனக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "டிரஸர் ஐயா போயிட்டாருண்ணே. காலையில, மக வீட்டுல" என்றான். பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன. அவன் போய்விட்டான். நான் ஏற வேண்டிய பஸ்ஸும் வந்து போய்விட்டது. எனக்கு ஏறத் தோன்றவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸராக இருந்த ஞானப்பிரகாசம் ஐயாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும்படி தோட்டத்தார் கேட்டார்கள். அவர் நல்லவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர், மீதிப் பேருக்குப் புண் கட்டியவர். ஆகவே அவருக்கு நான் செய்ததை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

எழுபதுகளின் கடைசியில் படக்கார லோரி வந்து திடலில் திரை கட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கிலீஷ் படம் வந்தால் ஐயாதான் மைக்கைப் பிடிப்பார். திரையில் பேசுகிற எல்லாருக்கும் அவரே தமிழில் பேசுவார். பெண்ணுக்கும் அவர் குரல்தான், குதிரைக்கும் அவர் குரல்தான். "எனக்குப் புரிஞ்சத சொல்றேன், மிச்சத்த நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் தொடங்குவார்.

அப்படித்தான் விண்வெளியில் போகும் அந்த ஆகாயக் கப்பல் படம் வந்தது. கடைசிக் காட்சியில் கப்பல் உடைகிறது. தப்பிக்கிற சின்னக் கலத்தில் எல்லாரும் ஏறிவிடுகிறார்கள். கதவைத் திறந்து பிடித்திருக்க ஒருவன் கப்பலுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இளம் ஓட்டி ஒருவன் தங்கிவிடுகிறான். கப்பல் தலைவன் வாசலில் நின்று திரும்பி அவனிடம் ஏதோ சொல்கிறான். ஐயா மைக்கில் சொன்னார்: "அங்கேயே இரு தம்பி. விளக்க அணைச்சிராத. எத்தன நாளானாலும் நான் திரும்பி வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போவேன்." தூரத்தில் கப்பலின் ஜன்னல் விளக்கு மட்டும் தெரிய, படம் முடிந்தது. திடலே மூக்கைச் சிந்தியது. நானும்தான்.

முன்வரிசையில் தனலெட்சுமி அக்கா உட்கார்ந்திருந்தார். கொழுந்து பறிப்பவர். அவர் கணவர் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்; வேலை பெர்மிட் கிடைக்காமல் பினாங்கில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார். ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். கடிதமும் நின்று போயிருந்தது. அது தெரியாதவர் தோட்டத்தில் யாரும் இல்லை.

அடுத்த பாகம் எடுக்கிறார்களாம் என்று யாரோ பத்திரிகையில் படித்துச் சொன்னதிலிருந்து தோட்டத்தில் ஒரே சண்டை. படம் முழுக்க அந்த ஓட்டி சாப்பிடவே இல்லை, ஆகவே அவன் மனிதனே இல்லை, சாக மாட்டான் என்றார் கங்காணி ராஜு. கப்பலைக் கெடுத்ததே தலைவன்தான் என்று தொழிற்சாலை எஞ்சின் ரூம்காரர்கள் சத்தியம் செய்தார்கள். தேயிலை சலிக்கும் அறையில் வேலை பார்த்த எனக்கும் ஒரு கட்சி இருந்தது: இரண்டாம் பாகத்தில் ஓட்டி எதிரியாகத் திரும்பி வருவான். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "விளக்கு எரியுதுல்ல. ஆளு இருக்கான்." தீர்ப்புக் கேட்டு மருந்தகத்துக்குப் போனால் ஐயா பஞ்சை நனைத்துக்கொண்டே, "அடுத்த படம் வரட்டும்லா" என்பார்.

வந்தது. தாப்பா டவுனில் ஓடுகிறது என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா, அக்கா உட்பட எல்லாரும் லோரி பிடித்துப் போனோம். தொடக்கத்திலேயே பழைய கடைசிக் காட்சியைத் திரும்பக் காட்டினார்கள். ஆனால் இந்தத் தடவை கீழே மலாய் எழுத்து ஓடியது. எனக்கு அது நன்றாகப் படிக்க வரும். தலைவன் சொன்னது "என்னை மன்னித்துவிடு" என்பது மட்டும்தான். திரும்பி வருவேன் என்று அவன் சொல்லவே இல்லை. படம் முடியும்வரை அந்த ஓட்டியின் பெயரைக்கூட யாரும் எடுக்கவில்லை.

வெளியே வந்ததும், "இது வேற ஆளு எடுத்த படம்லா" என்றார் கங்காணி. எல்லாரும் சிரித்திருப்பார்கள், விஷயம் அதோடு போயிருக்கும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை வருடம் ஒரு பொய்யை வைத்துக்கொண்டா மண்டையை உடைத்தோம்? லோரிக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"அவன் வரேன்னு சொல்லவே இல்ல. மன்னிச்சுக்கன்னு மட்டும்தான் சொன்னான். நான் படிச்சேன். ஐயா நம்மள ஏமாத்திட்டாரு."

அக்கா லோரியில் ஏறி மூலையில் உட்கார்ந்துகொண்டார். மலைப்பாதையில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது ஐயா என்னிடம் வந்தார்.

"நீ படிச்சது சரிதான் தம்பி. எனக்கும் அன்னிக்கே கேட்டுச்சு. அந்தப் பொண்ணு முன்னால உட்கார்ந்திருந்துச்சு. வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன்பிறகு அவர் மைக்கைத் தொடவில்லை. கண் சரியில்லை என்றார். அடுத்த இங்கிலீஷ் படத்துக்கு நான் மைக்கைப் பிடித்தேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். பாதிப் படத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஓய்வு பெற்றுத் தானா ராத்தாவுக்குப் போன பின்னும் வழியில் பார்த்தால் "உடம்பு எப்படி இருக்கு?" என்று அவர்தான் முதலில் கேட்பார். நல்லா இருக்கேன் ஐயா என்பேன். அதற்கு மேல் பேச வாய் வராது. நான் சொன்னது பொய் இல்லையே என்ற வீம்பு எனக்கு.

அடக்கத்துக்கு அக்கா வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்து வாசலில் அவராகவே பேச்சை எடுத்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்யா. படத்துல அந்தாளு வாயி ஒரு தடவதான் அசைஞ்சுச்சு. ஐயா எவ்வளவு நேரம் பேசினாரு. இதுகூடத் தெரியாதா? எனக்காகத்தான் சொல்றாருன்னு புரிஞ்சுச்சு. நல்லா இருந்துச்சு, வச்சுக்கிட்டேன். நீ அத எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்ச. அப்புறம் அவரும் என்னைப் பார்த்தா தலையக் குனிஞ்சுக்குவாரு. எனக்கு அப்படிச் சொல்ல அதுக்கப்புறம் ஆளே இல்லாமப் போச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மணியத்தின் லோரியில் ஏறிப் போய்விட்டார்.

ஐயா, உங்கள் குரலை இந்தத் தோட்டத்தார் வைத்துக்கொள்ளட்டும். அந்த விளக்கை அக்கா வைத்துக்கொள்ளட்டும். எனக்கு மிஞ்சியிருப்பது, அன்று தாப்பாவில் நான் சரியாகப் படித்து, ஊர் கேட்கக் கத்திய அந்த ஒரு சொல். நீங்கள் இருந்தவரை அதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. மன்னிச்சுக்குங்க.