நாலு வயதுக்காரியின் முறை

எங்கள் வீட்டில் யாருக்கும் நிதானமாகப் பேச வராது. அப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. ராஜபாளையத்திலிருந்து எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் காலை ஜெபமே ஓட்டமாகத்தான் நடக்கும். ஆளுக்கொரு வேத வசனம் சொன்ன பிறகுதான் தட்டைத் தொடலாம்.

அத்தான் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து அக்காவும் அவள் பிள்ளைகள் இரண்டும் எங்களோடு இருந்தார்கள். மூத்தவளுக்கு நாலு வயது. திடீரென்று திக்க ஆரம்பித்தாள். முதல் எழுத்திலேயே நின்று, கண்ணை இறுக்கிக்கொண்டு தவிப்பாள். இன்டர்மீடியட் முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த நான், சரிபண்ணுவது என் பொறுப்பு என்று கிளம்பினேன். அவள் தொடங்கிய சொல்லை நானே முடித்துக் கொடுத்தேன். "மெதுவாச் சொல்லு, மெதுவாச் சொல்லு" என்று விரட்டினேன். ஒரே வாரத்தில் தண்ணீருக்குக்கூட விரலை நீட்ட ஆரம்பித்தாள்.

அக்கா சொன்னாள்: "ஏலே, அவ ஒன்னயப் போலவே பரபரன்னு பொறந்தவ. கதவு அடிச்சாலே தூக்கிப் போடும். இந்த வீட்டு வேகம் அவளுக்கு ஆகல."

"அப்போ சின்னவன்? அவனும் இதே வீட்டுலதான இருக்கான்?"

"அவன் எரும. இடி விழுந்தாலும் திரும்பிப் படுப்பான்."

திக்கல் அவளோடு பிறந்ததா, நாங்கள் கொடுத்ததா? எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஜெபத்தில் அப்பா இரக்கப்பட்டு, "பிள்ளையக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று அவள் முறையைத் தாண்டி என்னிடம் வந்துவிட்டார். அவள் அழவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இனிப் பேசவே மாட்டாளோ என்று பயந்தேன்.

அடுத்த காலை நானே கேட்டேன்: "அவ முறைய விட வேண்டாம்ப்பா. பஸ் போனாப் போகட்டும்."

அப்பா கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அவள் ஆரம்பித்தாள். முதல் எழுத்திலேயே நின்றது. முழு வசனமும் என் நாக்கு நுனியில் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் வசனத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மா... மா... மாமா, கால ஆட்டாதிய."

குனிந்து பார்த்தேன். வாயைத்தான் மூடியிருந்தேன், சம்மணமிட்ட முழங்கால் பாய் அதிர ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.