ஸ்டேபிள் என்று போட்டிருந்த சிடி

மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த செம்பியனுக்கு ஒரு கெட்ட பழக்கம். போகி வந்தால் போதும், கை சும்மா இருக்காது. ஊரார் பழைய பாயையும் முறத்தையும் கொளுத்தினால், இவன் தெரிந்தவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாம் பழசை அழித்துப் புதுசு போடுவான். யாரும் கேட்டதில்லை. இவனாகப் போய்ச் செய்வான்.

2008 போகியன்று சிதம்பரத்தில் அக்கா பொன்னி வீட்டுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனான். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம். அவற்றோடு, கம்ப்யூட்டரையே ஓட்டும் லினக்ஸ் புரோகிராமின் புதிய சிடி ஒன்று. அக்கா புருஷன் சிங்காரம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பின்படியில் நின்று குரல் கொடுத்தால் தெருவே திரும்பும், அப்படியொரு தொண்டை. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சும் எழுத்தும் வலது கையும் போயின. செம்பியன்தான் ஒரு பொத்தான் பெட்டி செய்து கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தான். திரையில் வார்த்தைகள் ஒவ்வொன்றாக நகரும். வேண்டியது வரும்போது இடது கையால் அமுக்கினால் கம்ப்யூட்டர் அதைச் சொல்லும். நாற்பது வார்த்தை, எல்லாம் செம்பியன் குரலில் பதிந்தது. மாமாவுக்கு அதுதான் வாய்.

அந்த வாயைத்தான் அன்று சாயங்காலம் பிடுங்கிவிட்டான்.

சிடியின் மேல் ‘ஸ்டேபிள்’ என்று போட்டிருந்தது. மாறாதது, நம்பிப் போடலாம் என்று எடுத்துக்கொண்டான். டிஸ்கில் இடம் போதாமல், பதிந்த குரலையும் தான் எழுதியதையும் மட்டும் விட்டுவிட்டுப் பழைய லினக்ஸைத் துடைத்தான். பழைய சிடியையும், காலையில் மூட்டி வாசலில் இன்னும் கனன்றுகொண்டிருந்த போகி நெருப்பில் வீசினான். படுபாவி, அதையாவது வைத்திருக்கலாம்! புதியது ஜோராக வந்தது. பாட்டுப் பாடியது, படம் ஓடியது. பொத்தான் மட்டும் செத்துக் கிடந்தது.

பொத்தானுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நின்று பேச ஒரு சின்ன டிரைவர் புரோகிராம் உண்டு. அதுவும் செம்பியன் எழுதியதுதான். அதைப் புதிய லினக்ஸோடு சேர்க்கப் பார்த்தால், ‘இந்த இடத்தில் மூன்று தகவல் கொடுக்கிறாய், இரண்டுதான் வேண்டும்’ என்றது. அதே இடத்தில் மூன்று கேட்டதும் இதே லினக்ஸ்தானே! தொலையட்டும் என்று மூன்றாவதை எடுத்தான். சேர்ந்துகொண்டது. சிங்காரம் ஆசையாக அமுக்கினார். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்தது.

“என்னடா பண்ணி வச்ச?” என்றாள் பொன்னி.

“நான் ஒண்ணும் பண்ணலக்கா. ஸ்டேபிள்னுதான் போட்டிருக்கான்.”

“அப்ப ஏன்டா மாறுச்சு?”

அதுதான் அவனுக்கும் விளங்கவில்லை.

இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கலாம் என்றால், பொங்கலன்று பிரௌசிங் சென்டர் எல்லாம் பூட்டு. சிங்காரம் இலையைத் தொடவில்லை. இடது கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நல்ல நாளும் அதுவுமா கன்னத்துல கை வைக்காதீங்க, குடும்பத்துக்கு ஆவாது” என்று பொன்னி கையை எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்துவிட்டாள். மாட்டுப் பொங்கலன்றும் அதே கூத்து. “எம்மேல கோவமா மாமா?” என்று கேட்டால் தலையை ஆட்டுகிறார். ஆமாம் என்றா, இல்லை என்றா, யார் கண்டது? செம்பியனுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

காணும் பொங்கலன்று கீழ வீதியில் ஒரு சென்டர் திறந்தது. முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து தேடினான். லினக்ஸ் எழுதுகிறவர்கள் விளக்கம் வைத்திருந்தார்கள். பாட்டு, படம் போல லினக்ஸுக்கு வெளியே ஓடும் புரோகிராம்களுக்குக் கொடுத்த வாக்கு மாறாதாம். லினக்ஸுக்கு உள்ளேயே ஒட்டும் டிரைவர்களுக்கு அப்படி வாக்கே கிடையாதாம், ஸ்டேபிளாகவே இருந்தாலும். டிரைவரைத் தங்களிடம் ஒப்படைத்தால் மாற்றும்போது தாங்களே திருத்துவார்களாம். வீட்டோடு வைத்திருப்பவன் தன்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஒரே ஒரு மனுஷனுக்காக எழுதியதை எவரிடம் கொண்டுபோய் ஒப்படைப்பது? மூன்று தரம் படித்தான். படிக்கும்போது அவர்கள் சொல்வது சரி போல இருந்தது. நிமிர்ந்தால் அநியாயம் போல இருந்தது. நல்லவேளை, ஓர் உதாரணமும் இருந்தது. முன்பு, இவன் எடுத்துவிட்ட அந்த மூன்றாவது வழியாக, டிரைவரின் தகவல் நேராகக் கைக்கு வரும். இப்போது வேலைச்சீட்டு மட்டும் வரும், அதை வைத்துத் தகவலை நாமே தேடி எடுக்க வேண்டும். நாலு வரி. எழுதிக்கொண்டு ஓடினான்.

“மாமா, இப்ப அமுக்குங்க.”

சிங்காரம் அவசரமாகப் பொத்தான்மேல் கை வைத்தார். ‘தண்ணி’ நகர்ந்து போனது. ‘சாப்பாடு’ போனது. ‘போடா’ என்று ஒன்றை விளையாட்டாகப் பதிந்திருந்தான். அதைத்தான் அமுக்கப்போகிறார் என்று செம்பியன் கண்ணை மூடிக்கொண்டான். அதுவும் போனது.

“வலிக்குது” என்றது கம்ப்யூட்டர், செம்பியன் குரலில்.

சிங்காரத்தின் கை கன்னத்துக்குப் போனது. பொன்னி பதறி வந்து அவர் வாயைத் திறந்து பார்த்தாள். கடைவாய்ப் பல்லடியில் ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

“அய்யோ, மூணு நாளாவா? கைய வேற தட்டித் தட்டி விட்டனே, பாவி!”

சிங்காரம் அவளைப் பார்க்கவில்லை. திரும்பவும் பொத்தானைத் தேடி அமுக்கினார். “வலிக்குது.” செம்பியன் ஆட்டோ பிடிக்க வாசலுக்கு ஓடினான். தெருமுனை வரைக்கும் அவன் குரலே அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, “வலிக்குது, வலிக்குது” என்று.