பதினாலு ஷீட்டு

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி இருக்கும். பாஞ்சாலை கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏதோ விழுந்து தெறித்தது. யாரோ கல் எறிகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்தது அவள் தோளிலேயே விழுந்தது. துணியைச் சுருட்டித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பத்துப் பன்னிரண்டு நிமிஷந்தான். கூரையில் பட் பட்டென்று கேட்ட சத்தம் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளேயே விழ ஆரம்பித்தது. பதினாறு வயது மகள் வெண்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தானும் புகுந்துகொண்டாள். அவள் புருஷன் கொளஞ்சியப்பன் மட்டும் கதவு நிலைக்கு அடியில் நின்றபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். மழை விட்டதும், தரையில் உருண்டு கிடந்த ஆலங்கட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"பெரிய நெல்லிக்கா அளவு இருக்குது பாரு. பதினாலுல பதினோரு ஷீட்டு போயிடுச்சி. மூணு தேறும்."

"அத இப்படி நின்னு எண்ணிட்டு இருக்கீங்களே, அரிசி மூட்டைய நகத்துங்க மொதல்ல!"

அவன் மூட்டையில் கை வைப்பதற்குள் போன் அடித்தது. பேசி முடித்து வைத்தான், மறுபடி அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது அவன் ஏணியை எடுத்து மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தான். "போயிட்டு வரேன். நம்ம வூடு எங்க போயிடப் போவுது?" என்றான்.

கொளஞ்சியப்பனுக்கு ஷீட்டு போடுவதுதான் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. பூதாமூரில் ஒரு தெருவுக்கு நாலு வீடாவது அவன் கைபட்ட கூரை இருக்கும். நல்ல வேலைக்காரன். ஆணி அடித்த இடத்தில் ஒழுகாது, வளைவு வளைவோடு பொருந்தி உட்காரும். ஆனால் யார் கூப்பிட்டாலும் முடியாது என்று சொல்ல அவனுக்கு வராது. இன்றைக்கு வர முடியாவிட்டால் "நாளைக்கு வந்துடறேங்க" என்பான். அது முடியாவிட்டால் அதற்கு மறுநாள். நாளைக்கு என்ற சொல்லை அவன் ஊருக்குப் பொய்யாகச் சொன்னதில்லை. வீட்டுக்குத்தான் அது நடக்காத சொல்லாக இருந்தது.

சொந்த வீட்டின் கூரையே அப்படி வந்ததுதான். கல்யாணமான மூன்றாம் வருஷம், எங்கோ ஒரு பழைய கிடங்கைப் பிரித்தபோது கிடைத்த சிமெண்ட் ஷீட்டுகளைக் கொண்டுவந்து, சவுக்குக் கட்டைகள் மேல் பரப்பினான். "தற்காலிகந்தான்" என்றான். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. நல்ல ஷீட்டாக இருந்தால் இந்த மழைக்குப் பாதியாவது தாங்கியிருக்கும் என்று பாஞ்சாலைக்குத் தெரியும். ஷீட்டுக்காரன் பெண்டாட்டிக்கு அது கூடவா தெரியாது?

மழை பெய்த அன்று பொழுது சாய்வதற்குள் அவளும் வெண்பாவும் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டினார்கள். மறுநாளே மகளைப் பெண்ணாடத்தில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டாள். திங்கள் போனது, செவ்வாய் போனது. வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் வீடு அவிந்தது. காற்றடித்தால் அது படபடத்து ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். கொளஞ்சியப்பன் இருட்டிய பின் வருவான், குளிப்பான், தட்டைக் காலி செய்துவிட்டுப் படுப்பான்.

"நாளைக்கு?" என்பாள்.

"நாளைக்கு."

புதன்கிழமை காலை அவள் வேலை செய்யும் பீங்கான் பட்டறைக்குப் போனாள். களிமண் கரைசலை அச்சில் ஊற்றிப் பிள்ளையாரும் குதிரையும் எடுப்பார்கள். அச்சிலிருந்து வந்த, சுடாத பச்சைப் பொம்மையில் ஓரத்துக் கோட்டை ஈரப் பஞ்சால் துடைத்து வழுவழுப்பாக்குவது பாஞ்சாலையின் வேலை. ஆலங்கட்டி மழையில் பட்டறைக் கூரையும் உடைந்து, காயவைத்திருந்த நானூறு பொம்மைகள் நனைந்து மறுபடி மண்ணாகிப் போயிருந்தன. உட்கார்ந்து பஞ்சை நனைத்தாள். தலைக்கு மேல் சுத்தியல் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தாள். உடைந்த ஷீட்டின் ஓட்டை வழியாக இரண்டு கால்கள் தெரிந்தன. அந்தக் காலை அவளுக்குத் தெரியாதா?

"ஏங்க!" என்று கத்தினாள்.

மேலிருந்து முகம் எட்டிப் பார்த்தது. "நீ இங்கயா உக்காந்திருக்க?"

"பதினோரு வருசமா இங்கதான் உக்காந்திருக்கேன். நீங்க எப்ப வந்தீங்க?"

"ஓனரு ராத்திரி போன் பண்ணாரு. அவசரம்னாரு."

"நம்ம வூடு அவசரம் இல்லியா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் அதே வேலைக்காரி, பாஞ்சாலையைவிட பத்து வயது சின்னவள். பட்டறை முதலாளி செந்தமிழன் தன் அறையிலிருந்து வெளியே வந்து, "என்னம்மா, மேலயும் கீழயும் குடும்பமா வேல பாக்குறீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பாஞ்சாலைக்கு மட்டும் கண்ணில் நீர் முட்டியது. அழுகை இல்லை அது, எரிச்சல். கையிலிருந்த பிள்ளையாரை வேகமாகத் துடைத்ததில் தும்பிக்கை கழன்று வந்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவன் இறங்கி வந்தான். "கோவப்படாத. ஷீட்டு வெல ஏறிக்கிட்டே போவுது. பத்தடி ஷீட்டு இப்ப ஆயிரத்து அம்பது. இன்னம் ரெண்டு நாள்ல எவ்வளவு ஆவும்னு கடக்காரனுக்கே தெரியல. பணம் குடு, இன்னிக்கே வாங்கிப் போட்டுடறேன். சனிக்கிழம நம்ம வூட்டு வேலதான்."

சீட்டு எடுத்த இருபதாயிரம் அவளிடம் இருந்தது. குளியலறை கட்டுவதற்காக வைத்திருந்த பணம். அதில் பதினைந்தாயிரத்தைக் கொடுத்தாள். அன்று இரவு அவன் சொன்னான்: "பதினாலு ஷீட்டு வாங்கிக் கடையிலயே தனியா வச்சிருக்கேன். சனிக்கிழம காலைல குட்டியானை வண்டியில வந்துடும்."

சனிக்கிழமை பாஞ்சாலை லீவு போட்டாள். காலை ஆறு மணிக்கே தார்ப்பாயை அவிழ்த்தாள். சாமான்களை எல்லாம் வாசலில் வைத்து மூடினாள். வேலை செய்கிறவர்களுக்கு என்று இட்லிக்கு மாவு ஆட்டி வைத்திருந்தாள். எட்டு மணி ஆனது. ஒன்பதரை ஆனது. குட்டியானை வரவில்லை. ஏழு மணிக்கு "வண்டியோட வரேன்" என்று போன கொளஞ்சியப்பன் போனையும் எடுக்கவில்லை. பத்து மணிக்கு வானத்தின் ஒரு மூலை கறுத்தது. மறுபடி தனியாளாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, கடைக்கு நடந்தாள்.

"உங்க ஷீட்டா? காலைலயே ஏத்திட்டுப் போயிட்டாரேம்மா. சர்ச்சு தெருவுக்கு" என்றார் கடைக்காரர்.

சர்ச்சு தெருவில் தேட வேண்டியிருக்கவில்லை. விமலாராணி என்ற வயதான அம்மாவின் வீட்டு மேல் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தான். பத்து ஷீட்டு ஏற்றியாகிவிட்டது. மீதி நாலு சுவரில் சாய்ந்து நின்றது. பாஞ்சாலை அந்த நாலையும் பார்த்தாள், மேலே இருந்த புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த போல்ட்டைப் பார்த்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் விமலாராணி வெளியே வந்துவிட்டார். "நீங்க மேஸ்திரி வூட்டுக்காரம்மாவா? உள்ள வாங்கம்மா. உங்க வூட்டுக்காரரு இல்லன்னா நாங்க இன்னிக்கு நடுத்தெருவுலதான். எம் பொண்ணு ஆன் மேரிக்குக் கொழந்த பொறந்து அஞ்சு நாள் ஆவுது. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேத்துதான் கூட்டியாந்தோம். ஷீட்டே கெடைக்கலன்னு ஊரெல்லாம் சுத்துனோம். இவருதான் எங்கிருந்தோ பொரட்டிக் கொண்டாந்தாரு."

எங்கிருந்தோ! உள்ளே ஒரு மூலையில், குடை விரித்து அதன்மேல் பிளாஸ்டிக் பாய் போட்டு, அதற்கு அடியில் ஆன் மேரி பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தாள். பிள்ளையின் தலை ஒரு கொய்யாப் பழம் அளவுதான் இருந்தது. பாஞ்சாலை குனிந்து அதன் காலைத் தொட்டாள். அத்தனை சூடு. திட்டுவதற்கு என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அங்கே பேச முடியாதவை. பேச முடியாததே அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள். "பெரியம்மா, அந்த ஷீட்டு எங்க வூட்டுக்கு வாங்குனதுங்க. போட்டது போட்டதுதான், நான் ஒண்ணும் சொல்லல. பணத்த மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க. அவருகிட்ட குடுக்காதீங்க."

விமலாராணியின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அவரு சொல்லவே இல்லியேம்மா!" என்று உள்ளே போய் ஏழாயிரத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தார். மீதியைத் திங்கட்கிழமை அவரே வீடு தேடி வந்து கொடுத்தார். விலை ஏறிவிட்டதாமே என்று முந்நூறு ரூபாய் கூடவே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது. பேசியது அவள் ஒருத்திதான்.

"பச்ச புள்ள இருக்குது அங்க. நம்ம வூட்ல நீயும் நானுந்தான" என்றான் கொளஞ்சியப்பன் கடைசியில்.

"அந்தப் புள்ளைக்குப் போட்டது தப்புன்னு சொன்னனா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? காலைல ஆறு மணிக்கு நான் தார்ப்பாய அவுத்துட்டு உக்காந்திருக்கேன். மாவு ஆட்டி வச்சிட்டு உக்காந்திருக்கேன். யாருக்கு வேல செஞ்சாலும் எத்தன அடி, எவ்வளவு ஆவும், என்னிக்கி முடியும்னு சொல்றீங்கல்ல? இந்த வூட்டுக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

அவன் கையில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூசியைத் தட்டினான்.

"எஸ்டிமேட் குடுங்க. எழுதிக் குடுங்க. நான் பார்ட்டி, நீங்க மேஸ்திரி. இப்பவே அளங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து டேப்பை எடுத்தான். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தபோது நாலு கட்டை கரையான் அரித்து உள்ளே பொடியாக இருந்தது. சிமெண்ட் ஷீட்டு இப்போது ஆயிரத்து முந்நூறு, அதுவும் பத்து நாளைக்கு வராது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தான். இரும்புப் பைப்பு பதினாலாயிரத்து ஐந்நூறு. தகர கலர் ஷீட்டு இருபத்தோராயிரம். ஸ்க்ரூ, உச்சியை மூடும் மோட்டுத் தகடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து இருநூறு. வெல்டிங் ஆள் மூவாயிரம். வண்டி தொள்ளாயிரம்.

"உங்க கூலி எங்க?"

"எனக்கு எதுக்கு கூலி?"

"எழுதுங்க. கூலி இல்லாததாலதான் இந்த வூட்டு வேல பதினாறு வருசமா நடக்கல."

ரெண்டு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு என்று எழுதினான். கூட்டினால் நாற்பத்தைந்தாயிரம். பாஞ்சாலை அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். சீட்டுப் பணம் இருபது. மீதி இருபத்தைந்தைப் பெண்கள் குழுவில் கடனாகக் கேட்க வேண்டும். குளியலறை இனி எந்த வருஷமோ. ஆனாலும் அந்தத் தொகை மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளும் தலைக்கு மேலே இருந்ததற்கு ஒரு அளவும் விலையும் இப்போதாவது தெரிந்ததே என்று இருந்தது.

குழுப் பணம் கைக்கு வர ஆறு நாள் ஆனது. வேலை தொடங்கிய காலையில் முதல் காரியமாக அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அடித்தபோதெல்லாம் அவளே எடுத்தாள்.

"கொளஞ்சியண்ணன் இருக்காருங்களா?"

"இருக்காரு. நாளைக்கு வர மாட்டாரு, நாளான்னைக்கும் வர மாட்டாரு. வெள்ளிக்கிழம வருவாரு. முன்பணம் ரெண்டாயிரம் குடுத்தா பேர எழுதிக்கிறேன்."

மறுமுனையில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பேர் எழுதச் சொன்னார்கள். மேலே பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த கொளஞ்சியப்பனுக்குக் கேட்டது. பைப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஷீட்டு பொருந்தவில்லை. ஒரு ஓரத்தில் வானம் தெரிந்தது. வீட்டின் பின்சுவர் முன்சுவரைவிட எட்டு அங்குலம் நீளம். அவன் அன்று அளந்தது முன்சுவரை மட்டும். அந்தச் சுவரை எழுப்பியதும் அவனேதான்.

"ஒரு ஷீட்டு கூட வேணும். ஆயிரத்து ஐந்நூறு" என்றான், அவள் பக்கம் திரும்பாமல்.

ஏணியின் நடுப்படியில் ஸ்க்ரூ டப்பாவோடு நின்றிருந்த பாஞ்சாலை கண்ணை மூடித் திறந்தாள். "உங்க கூலியில கழிச்சிக்கிறேன்."

கழித்தாள். வேலை முடிந்த அன்று மீதித் தொள்ளாயிரத்தை அவன் கையில் எண்ணிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, எந்த வீட்டிலும் செய்வதுபோல, "ஏதாவது ஒழுகுனா கூப்பிடுங்க" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வெண்பா பெண்ணாடத்திலிருந்து திரும்பி வந்தாள். ஜூன் முதல் வாரம் ஒரு சாயங்காலம் சாதாரண மழை பெய்தது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் டிவியில் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. பாஞ்சாலை சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். கொளஞ்சியப்பன் வாயசைப்பது தெரிந்தது.

"என்னாது?" என்று கத்தினாள்.

அவன் பக்கத்தில் வந்து காதருகே குனிந்து, அக்கறையாகச் சொன்னான்: "கீழ சீலிங் அடிச்சிட்டா சத்தம் கேக்காது. சூடும் எறங்காது. சதுர அடிக்கு அறுபது ரூவாதான் வரும். எழுதித் தரட்டா?"

பாஞ்சாலை டிவியை அணைத்துவிட்டுச் சோறு போடப் போனாள்.