சந்தனம் பூசிய சென்சார்

சென்சாருக்குக் கண் இருக்கிறது என்று நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், அதுவும் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். முகப்பில் சல்லடை மூடிய இரண்டு வட்டங்கள். என்னை முறைப்பது போலவே இருக்கும். வேறு எப்படி நினைப்பது?

ஆஸ்டின் டவுனில் ஞாயிறுதோறும் நடந்த எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் சேர்ந்து, துணியில் ஆளுயரச் செம்பருத்தி ஒன்று செய்தேன். யாராவது அருகில் வந்தால் சென்சார் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்குச் சொல்லும், போர்டு மோட்டாரைத் திருப்பும், இதழ்கள் விரியும். இதற்காக ஈஜிபுரா வீட்டின் சாப்பாட்டு மேசை மூன்று மாதம் வயர்களுக்கு அடியில் கிடந்தது. மனைவி மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டாள்.

"கண்காட்சிக்கு நானே வரேன். பூ விரியலேன்னா மேசை எனக்கு," என்றாள்.

வகுப்பின் கண்காட்சி ஆயுதபூஜை அன்று மாலை. காலையில் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்த கையோடு சென்சாரையும் கவனித்தேன். வட்டம் வட்டமாக வேறு இருந்ததா, இரண்டிலும் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். லட்சணமாகத்தான் இருந்தது.

மாலை நான்கு மணிக்குக் கண்காட்சி அரங்கில் பூ அசையவில்லை. வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். புரோகிராமை மாற்றினேன், எதை மாற்றினேன் என்பதை உடனே மறந்தேன். கடைசியில் போர்டிடம் மன்னிப்பும் கேட்டேன். என் வயதில் பாதிகூட இல்லாத ஆசிரியை வந்து குனிந்து பார்த்தாள்.

"அய்யோ அங்கிள், என்ன இது?"

"பூஜை போட்டேன்மா. கண்ணுக்கு..."

"கண்ணா? இதுல ஒண்ணு வாய், ஒண்ணு காது! வாய் சத்தம் விடும், அது ஆள் மேல பட்டுத் திரும்பினா காது கேக்கும். ரெண்டையும் அடைச்சிட்டீங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் சென்சாரைக் கழற்றிக் குழாயடியில் காட்டிவிட்டேன். இருந்த உயிரும் போயிற்று.

"வேற வாங்கிடலாமா?" என்றேன்.

"எங்க? எல்லாக் கடையும் பூஜை போட்டு மூடிட்டாங்க."

அவளே போர்டில் ஒரு சுவிட்சை இணைத்து, என்னைப் பூவுக்குப் பின்னால் கறுப்புத் திரைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். திரையில் ஒரு ஓட்டை. ஆள் வந்தால் அழுத்தினேன், போனால் விட்டேன்.

மனைவி தங்கையோடு வந்தாள். பூ விரிந்தது. பின்னால் நகர்ந்தாள், மூடியது. மறுபடி வந்தாள், விரிந்தது.

"பரவால்லடி, கரெக்டா கண்டுபிடிக்குது! இவரு எங்க போய்த் தொலைஞ்சாரு?" என்று போனை எடுத்தாள்.

என் சட்டைப்பையில் மணி அடித்தது. அவள் திரையை விலக்கினாள். நான் அப்போதும் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும் வயர்களை அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டு, மேசையைத் துடைத்துக் கொடுத்தேன்.