பின்மூடிக்குள் ஒரு தேதி

மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி, ஒரே ஒரு ஆள் உட்காரும் இடம்தான் அவள் கடை. நாளெல்லாம் கடிகார முள்ளோடு மல்லுக்கட்டுவதால் தெருவே அவளை 'முள்ளு' என்றது. முதலில் முறைத்தாள், பிறகு பழகிவிட்டது.

அன்று காலை சித்தி வந்து ஒரு கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு கைக்கடிகாரம். ஆயிரம் பேர் கட்டியிருக்கும் ரகம். வார் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"எங்க புடிச்சீங்க இதை? குப்பைக்காரன்கூட எடுக்க மாட்டான்."

"உங்க சித்தப்பா பெட்டியில கெடந்துச்சு. யாரோடதுன்னு கேட்டா எரிஞ்சு விழறாரு. என்னமோ உன்கிட்ட காட்டணும்னு தோணுச்சுடி."

சித்தி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். முள்ளு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தாள்.

பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மூடியின் உள்பக்கத்தில் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் ஊசியால் கீறி வைப்பார்கள். வெளியாட்களுக்கு அது தெரியாது. இந்த மூடியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அவளுடைய அடையாளம். கீழே பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி.

அண்ணன் சாவதற்கு இரண்டு நாள் முன்னால், அவன் கடிகாரத்தைச் சரிசெய்து அவளே கீறியது.

பழைய கல்குவாரித் தண்ணீரில் தவறி விழுந்தான் என்றார்கள். கையில் கடிகாரம் இல்லை, தண்ணீர் கொண்டுபோயிருக்கும் என்றார்கள். ஆனால் உள்ளே ஒரு துளி துருவில்லை. தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே இது அவன் கையிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டிருக்கிறது.

பாகப்பிரிவினை நாளில், உறவெல்லாம் பார்க்க, அண்ணன் சித்தப்பாவைக் கன்னத்தில் அறைந்திருந்தான். மறுவாரம் சித்தப்பா அவளுக்கு போன் செய்தார். "அவன்கூட தனியா பேசி ராசியாயிடணும்மா. எங்க இருப்பான்?" குவாரிப் பக்கம் போவான் என்று சொன்னது அவள்தான். பிறகு, அன்று அவனைக் கண்ணாலேயே பார்க்கவில்லை என்று சித்தப்பா எல்லாரிடமும் சொன்னபோது, வாயை மூடிக்கொண்டு நின்றதும் அவள்தான். இப்போது வாயைத் திறந்தால் அவர் மட்டும் மாட்ட மாட்டார். பெற்ற மகனை இழந்த அம்மா இவளையும் அல்லவா கேட்பாள்?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் சித்தி.

பதில் சொல்லுமுன் படியருகே செருப்புச் சத்தம். சித்தப்பா.

"இங்க என்ன வேலை உனக்கு?" சித்தியிடம் சீறியவர் மேசையைப் பார்த்தார். ஒரு நொடிதான். உடனே சிரித்தார். "ஓ, அந்த ஓட்டை வாட்ச்சா? எவனோ வழியில போட்டுட்டுப் போனது. குடும்மா, தூக்கிப் போட்டுடறேன்."

அவர் கை நீண்டது. கொடுத்துவிட்டால் முடிந்தது. பதினொரு வருடம் ஓடியது போல மிச்சமும் ஓடிவிடும். முள்ளு மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது அண்ணனோடது, சித்தப்பா."

"உளறாத. இதே மாதிரி ஊருக்கே இருக்கு."

"உள்ள என் கையெழுத்து இருக்கு."

நீண்ட கை அப்படியே நின்றது. பிறகு அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எடம் சொன்னது யாருன்னு ஞாபகம் இருக்கா? உங்கம்மா காதுல அது விழணுமா?"

அவள் கடிகாரத்தை இடது உள்ளங்கையில் இறுக்கினாள். வலது கையால் போனை எடுத்தாள். எண்ணை அழுத்த மூன்று முறை தவறியது. சித்தப்பா பாய்ந்தபோது சித்தி குறுக்கே வந்து நின்றாள். நகரவில்லை.

மறுமுனையில் அம்மா எடுத்தாள். "என்னடி, சாப்பிட்டியா?"

"அம்மா, அண்ணன் எங்க இருப்பான்னு அன்னிக்கு சித்தப்பா கேட்டாரு. நான்தாம்மா சொன்னேன்."

"அவன் வாட்ச் சித்தப்பா பெட்டியில இருந்துச்சும்மா." அவள் போனை வைக்கவில்லை.