ஆறு பேருக்கு ஒரு வீடு

மனநோயாளிகளுக்கு விடுதி வேண்டாம் என்று சொல்பவர் லண்டனில் எவருமில்லை. அடுத்த தெருவில் கட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். கவுன்சில் என்னும் உள்ளூராட்சியின் திட்டமிடல் பிரிவில் என்னைப்போலக் குப்பை கொட்டியவர்களுக்கு இது புதிதல்ல. எண்பதுகளின் கடைசியில், நகருக்கு வெளியே இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு ஊருக்குள் வீடு பார்த்துக் கொடுப்பது கவுன்சிலின் தலையில் விழுந்தது. எங்கள் கவுன்சிலில் அது என் தலையில் விழுந்தது.

குளியல் யாருடைய செலவு?

லண்டனின் தெற்கே, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மூலை வீடு கிடைத்தது. ஆறு அறைகள், பின்னால் சின்னத் தோட்டம், வாசலிலேயே பஸ். செலவைச் சுகாதாரத் துறையும் கவுன்சிலும் பங்கிட வேண்டும். நோய் அவர்களுடையது, வீடு எங்களுடையது என்று எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது. நடுவில் குளியல் வந்து மாட்டிக்கொண்டது. தானாகக் குளிக்க முடியாத ஒருவரைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

ஒரு காலை முழுவதும், பிஸ்கட் தட்டு காலியாகும்வரை, இதையே பேசினோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் சுகாதாரத் துறையின் நிதி அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சமாதானமாகச் சொன்னார்: "வைத்தியத்துக்காகக் குளித்தால் எங்கள் செலவு. அழுக்குப் போகக் குளித்தால் உங்கள் செலவு."

சமையல் பரீட்சை

வீட்டுக்கு வரப்போகிறவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐந்து பேர் முடிவாகியிருந்தார்கள். ஆறாவது அறைக்கு ராசரத்தினம் என்பவரைச் சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றிருந்தார்கள். யாழ்ப்பாணத்தவர். அறுபதுகளில் கணக்கியல் படிக்க லண்டன் வந்து, மனம் குழம்பி உள்ளே போனவர். நோய் அடங்கி வெகு காலம் ஆகிவிட்டது. போக இடமில்லாததால் அங்கேயே இருந்துவிட்டார். இந்த அறை கிடைக்காவிட்டால் எங்கோ கடற்கரைப் பட்டினத்தில் ஒரு விடுதிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அங்கே அவரோடு தமிழில் பேச ஒரு ஈ காக்கை இருக்காது.

ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று வார்டுத் தாதியைக் கேட்டேன். வெளியே போகிறவர்கள் ஆஸ்பத்திரியின் பயிற்சிச் சமையலறையில் ஒரு வேளைச் சாப்பாடு சமைத்துக் காட்டவேண்டுமாம். ராசரத்தினம் அடுப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். முட்டையைக் கொடுத்தபோது மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். போதாக்குறைக்குக் கையால் சாப்பிடுகிறார், அதுவும் நோயின் பாதிப்பு என்றார் தாதி. மதியம் நானும் வீட்டில் கையால்தான் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். ராசரத்தினத்திடம் விஷயத்தைத் தமிழில் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்கட வீட்டிலை ஒரு ஆம்பிளையும் அடுப்படிப் பக்கம் போனதில்லை. அப்ப எல்லாரையும் பிடிச்சு இஞ்சை போடவேணுமோ?"

பார்க்கிங் கவலை

ராசரத்தினம் சொன்னதைத் தாதிக்கு மொழிபெயர்த்தேன். தாதி சிரிக்கவில்லை, வார்டைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த பெரிய டாக்டர் சிரித்துவிட்டு ஆறாவது அறை ராசரத்தினத்துக்கே என்றார். இனி வீட்டை விடுதியாக்கக் கவுன்சில் கமிட்டியின் அனுமதி வேண்டும். அதற்குமுன் தெருக்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும். தேவாலய மண்டபத்தில் கூட்டம். குடிவருகிறவர்களைப் பிடிக்கவில்லை என்றால் கமிட்டி காதில் போட்டுக்கொள்ளாது; சத்தம், நெரிசல், பார்க்கிங் என்றால்தான் கேட்கும். இது தெருவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஆகவே மண்டபம் முழுவதும் பார்க்கிங்கை நினைத்துக் கவலைப்பட்டது.

வரப்போகிற ஒருவருக்கும் கார் கிடையாது என்றேன். அவர்களைப் பார்க்க வருகிறவர்களின் கார்கள் எங்கே நிற்கும் என்று ஒரு அம்மா கேட்டார். அவர்களை ஒருவரும் பார்க்க வருவதில்லை என்றேன். அந்த அம்மா கைப்பையை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் பார்க்கிங்.

ஆட்சேப மனுவுக்குக் கையெழுத்துச் சேர்த்தவர் சிவபாதம். அதே தெருவின் முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்தவர். கூட்டம் முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கார்க்கதையை விடும். எனக்கு ரண்டு குமர்ப்பிள்ளையள். நீர் எங்கட ஆள்தானே, உந்த வீட்டை ஈஸ்ட் ஹாம் பக்கம் கொண்டுபோகேலாதோ?"

எவடம்?

கமிட்டி கூடுவதற்குமுன் ஒரு சனிக்கிழமை வீட்டைத் திறந்துவைத்து, அயலவர்கள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தோம். சிவபாதம் வந்தார். வேலியின் உயரத்தைப் பார்த்தார். ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். அன்றைக்குத் தன் அறையைப் பார்க்க ராசரத்தினமும் வந்திருந்தார். மாடிப்படியில் இருவரும் நேருக்கு நேர்.

யாழ்ப்பாணத்தவர் இருவர் சந்தித்தால், பகையாளியானாலும், முதல் கேள்வி ஒன்றுதான். "ஊரிலை எவடம்?" என்றார் சிவபாதம். ராசரத்தினம் ஊரைச் சொன்னார், வீடு இருந்த ஒழுங்கையைச் சொன்னார், தகப்பன் பெயரைச் சொன்னார். சிவபாதம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்களுக்குக் கணக்குப் படிப்பிச்ச மாஸ்டரின்ரை தம்பியே நீங்கள்?" நான் எழுதிய அறிக்கைகளால் ஆகாத காரியம் ஒரு படிக்கட்டில் முடிந்தது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் மற்ற ஐந்து பேரிடம் ஊர் கேட்க அந்தத் தெருவில் ஆளில்லையே என்பதும் உறுத்தியது.

கமிட்டி கூடிய அன்று சிவபாதம் கோட்டும் டையுமாக வந்திருந்தார். ஆட்சேபம் உள்ளவர்கள் பேசலாம் என்று தலைவர் சொன்னதும் எழுந்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் பார்க்கிங்கை மறுபடி போய்ப் பார்த்தேன். இடம் தாராளமாக இருக்கிறது."

தாழ்ப்பாள்

அனுமதி கிடைத்தது. வசந்தகாலத்தில் ஆறு பேரும் ஆஸ்பத்திரி வேன் ஒன்றில் வந்து இறங்கினார்கள். ராசரத்தினத்தை மாடிக்குக் கூட்டிப்போய் அறையைக் காட்டினேன். கட்டில், அலுமாரி, ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆப்பிள் மரம். அவர் எதையும் பார்க்கவில்லை. கதவின் பக்கம் குனிந்து, தாழ்ப்பாளை விரலால் தொட்டு, "இது உள்ளுக்காலையும் பூட்டுமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. உள்ளுக்காலை மட்டுந்தான்" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கட்டில் முனகியது. நான் நடையில் நின்றேன். கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். வாடகைப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்து இன்னும் வாங்கவில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. மெல்லக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இனி நீர் தட்டிப்போட்டுத்தான் வரவேணும், தம்பி."

திட்டமிடல் பிரிவில் இருந்த காலத்தில் முகத்தில் அடித்தாற்போல் எத்தனையோ கதவுகளை எனக்குச் சாத்தியிருக்கிறார்கள். நான் சந்தோஷமாக வெளியே நின்றது அந்த ஒரு கதவின் முன்னால்தான்.